பத்து எண்ணும் வரை

மத்தியானம் இரண்டு நாற்பதுக்கு ஊசி சிவப்புக் கோட்டைத் தொட்டது.

அவன் ஜீப்பை நிறுத்தினான். மலைப் பாதையில் நான்காவது வளைவு. இடப்பக்கம் பாறை. வலப்பக்கம் வெறும் காற்று. எஞ்சினை அணைத்த பிறகும் பானெட்டுக்கு அடியில் ஏதோ கொதித்துக்கொண்டே இருந்தது. ரேடியேட்டர் தண்ணீரில் கலந்த கூலன்ட்டின் தித்திப்பு வாடை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது.

"மறுபடியும் இங்கேயேவா?" என்றாள் மனைவி.

"கொதிக்கற வண்டி இடம் பாத்தா கொதிக்கும்?"

"மூணு தடவையும் இங்கதான்."

அவள் குரலில் பயம் இல்லை. அலுப்புக்கூட இல்லை. வாசலில் யாருக்காகவோ காத்திருப்பவளின் பொறுமை இருந்தது. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

"வித்துத் தொலைச்சிடலாம்னு எத்தனை தடவை சொல்றது?"

"பழுது என்னன்னு தெரியாம வித்தா, வாங்கறவன் இதே இடத்துல வந்து நிப்பான். பாவம் இல்லையா?" அவள் டேஷ்போர்டின் மேல் கையை வைத்தாள். குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல. "கண்டுபிடிச்சிடலாம். அவர் இருந்திருந்தா ஒரு மணி நேர வேலை."

அவர் என்றால் அவளுடைய முதல் கணவர்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே ஜீப், இதே வளைவு. மேலே கல் குவாரியில் ஒருவன் கால் நசுங்கிக் கிடந்தான். அவனை இறக்கிக்கொண்டு வரக் கிளம்பியவர், ஊசி ஏறியதைப் பார்த்தும் நிறுத்தவில்லை. எஞ்சின் செத்தது. ஜீப் பின்னால் உருண்டது. ஜீப்பை ஒரு பாறை பிடித்துக்கொண்டது. அவரைப் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை.

பட்டறைகளில் அவருக்குக் கைராசி என்று பெயர். வேறு பெயர் இருந்தது, யாரும் சொன்னதில்லை. சூடேறும் வண்டி எதுவானாலும் அவரிடம்தான் வரும். அவருடைய முறை ஒன்றே ஒன்று. வண்டியை நன்றாக ஓட்டி நிறுத்திக் கால் மணி நேரம் விடுவார். பிறகு மேலிருந்து கீழே வருவார். "தண்ணி எப்படி எறங்குதோ அப்படி எறங்கு" என்பார். ரேடியேட்டர் மூடி, ரேடியேட்டர், ஃபேன், பெல்ட், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், கடைசியாகக் கீழ் ஹோஸ் என்ற ரப்பர் குழாய். ஒவ்வொன்றின் மேலும் உள்ளங்கையை வைத்துப் பத்து எண்ணுவார். பத்து வரை கை தாங்கினால் சாக்பீஸால் ஒரு கோடு. நடுவில் கையை எடுக்க நேர்ந்தால் பெருக்கல் குறி. அங்கேதான் சங்கதி.

அவர் இடது கைக்காரர். கோடு எப்போதும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும்.

பட்டறையில் அவரும் இவனும் சரிபாதி. இவன் அவரை அண்ணே என்பான். அவர் மனைவியை அண்ணி என்பான். அவள் இவனைத் தம்பி என்பாள். ஆறு வருஷம் அப்படி. ஆறு வருஷமும் இவன் அவள் கொண்டுவரும் டம்ளரை அவள் விரல் பட்ட இடத்தில் பிடித்து வாங்கினான். யாருக்கும் தெரியாது. வேலை முடிந்து அவள் அவர் முதுகில் ஒட்டிய கிரீஸைத் துடைத்துவிடுவாள். இவன் முதுகில் ஒட்டிய கிரீஸ் வீடு வரை போகும்.

விபத்துக்கு முந்தின வாரம் கைராசிக்குக் காய்ச்சல். ஜீப்பை இவன்தான் சோதித்தான். கீழ் ஹோஸை அமுக்கியபோது அது விரலுக்குள் கூழாகப் போனது. உள்ளே இருக்கவேண்டிய ஸ்பிரிங் துருப்பிடித்துக் கரைந்திருந்தது. சும்மா நிற்கும்போது உருண்டையாகத்தான் தெரியும். மேட்டில் எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது பம்ப் உறிஞ்சும், ஹோஸ் சப்பையாகி ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் நிற்கும்.

சொல்வதற்காகத்தான் வீட்டுக்குள் போனான். அவள் கணவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஈரத்துணியால் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் கண்ணை மூடியபடி சிரித்துக்கொண்டிருந்தார்.

"பாத்துட்டியா தம்பி?"

"பாத்துட்டேண்ணே. எல்லாம் சரியா இருக்கு."

"அப்போ கோட்டை நீயே போட்டுடு."

அதுவரை அவர் சாக்பீஸை யாருக்கும் கொடுத்ததில்லை. அன்று கொடுத்தார். இவன் போய் ஏழு இடத்திலும் கோடு போட்டான். அவள் வழக்கம்போல் பட்டறை நோட்டில் எழுதினாள்: கீழ் ஹோஸ், சரி, பார்த்தது தம்பி.

அவர் போய்ப் பதினான்கு மாதம் கழித்துக் கல்யாணம். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் எதிர்ப் பட்டறை லேத்துக்காரர். இவன் நாக்கிலிருந்து அண்ணி என்ற சொல் போக மூன்று மாதம் ஆனது.

அவர் போனார். ஜீப் போகவில்லை.

அவள் விற்கமாட்டேன் என்றாள். எஞ்சினை இவனே பிரித்துக் கட்டினான். கட்டும்போது எல்லாம் புதிதாகப் போட்டான், கீழ் ஹோஸைத் தவிர. பழையதை எண்ணெய் போட்டுத் துடைத்துப் பளபளவென்று திருப்பி மாட்டினான். ஜீப் ஓடக்கூடாது. ஒவ்வொரு மேட்டிலும் கொதிக்க வேண்டும். கொதித்துக் கொதித்து ஒருநாள் அவளே கைகழுவ வேண்டும். செத்தவனோடு மல்லுக்கட்ட முடியாது. அவன் வண்டியோடு முடியும் என்று நினைத்தான்.

ஆக, பழுது எது என்று அவனுக்குத் தெரியும். மூன்று வாரமாகத் தேடுவதுபோல் தேடிக்கொண்டிருந்தான். அந்த ஹோஸை அவள் ஒரு முறை அமுக்கிப் பார்த்தால் போதும், அதைச் சரி என்று சொன்னது யார் என்று நோட்டைப் புரட்டக்கூட வேண்டாம். எழுதியது அவள் கை.

*

மறுநாள் காலை பட்டறையைத் திறந்து பானெட்டைத் தூக்கினான். ரேடியேட்டர் மூடியின் மேல் ஒரு வெள்ளைக் கோடு.

சாய்ந்த கோடு.

அவன் அதைக் கட்டைவிரலால் அழித்தான். பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள். திரும்பினான். அவள் நின்றிருந்தாள்.

"எதுக்கு அழிச்சீங்க?"

"நீதானே போட்ட?"

"சாவி உங்க இடுப்புல இருக்கு. நான் என்ன கூரையைப் பிரிச்சா எறங்குவேன்?"

அவள் அவனைத் தாண்டி வந்து குனிந்தாள். மூடியில் மிச்சமிருந்த வெள்ளைத் தூளை விரல் நுனியால் தொட்டாள். சிரித்தாள். பல் தெரியாத சிரிப்பு. இந்த எட்டு மாதக் கல்யாணத்தில் அவன் அதைப் பார்த்ததில்லை. அதற்கு முன் ஆறு வருஷம் தினமும் பார்த்திருந்தான்.

மூடியை அவன் துணியால் அழுத்தித் துடைத்தான்.

அடுத்த நாள் ரேடியேட்டரின் மேல் கோடு. அதற்கடுத்த நாள் ஃபேனில். பூட்டை மாற்றினான். பெல்ட்டின் மேல் கோடு விழுந்தது. வாசலில் மெல்லிய மணலைப் பரப்பி வைத்தான். காலடி எதுவும் பதியவில்லை.

அவளுக்கு இது ஒரு வழக்கமாகிவிட்டது. காலையில் காபியைக்கூட ஆறவிட்டுவிட்டு அவனுக்கு முன்னால் பட்டறை வாசலில் நின்றாள். தலை சீவி, நல்ல புடவை கட்டி. ஒரு கோட்டைப் பார்க்க.

"பயமா இல்லையா உனக்கு?" என்று கேட்டான்.

"எதுக்குப் பயம்? வேலைதானே பாக்கறாரு."

பார்க்கிறார். இப்போது. இன்று. அந்தச் சொல் அவன் காதுக்குள் திருகாணி போல இறங்கியது.

எதிர்ப் பட்டறை லேத்துக்காரர் மதியம் எட்டிப் பார்த்தார். வாய் சும்மா இருக்காத மனிதர்.

"என்னப்பா, இன்னும் கொதிக்குதா?"

"கொதிக்குது."

"வண்டியா, நீயா?" அவரே சிரித்துக்கொண்டார். "செகண்ட் ஹேண்ட்னா அப்படித்தான்பா. முன்னாடி ஓட்டினவன் கைதான் அதுக்குப் பிடிக்கும். நீ எவ்வளவு தலைகீழா நின்னாலும்..." அவன் முகத்தைப் பார்த்தார். "நான் வண்டியைச் சொன்னேன்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார்.

அன்று மாலை மழை. மின்சாரம் போயிருந்தது. அவன் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, நூலில் கட்டி, ஸ்டவ்வில் கொதிக்கும் தண்ணீரில் தொங்கவிட்டான். சூட்டில் அதன் வால்வு தானாகத் திறக்க வேண்டும். திறந்தாலும் திறக்கவில்லை என்று சொல்வதாக இருந்தான். இன்னொரு வாரம் ஓட்டலாம்.

வால்வு திறந்தது. நல்ல தெர்மோஸ்டாட்.

ஸ்டவ்வை அணைத்தான்.

தண்ணீர் அடங்கவில்லை.

நீலச் சுடர் இல்லை. பாத்திரம் கொதித்துக்கொண்டே இருந்தது. தகரக் கூரையில் மழை. அந்தச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம். ஜீப்பின் அந்தப் பக்கத்திலிருந்து.

"ஆறு."

தாழ்ந்த குரல். அவசரமில்லாத குரல்.

"ஏழு."

அவனால் திரும்ப முடியவில்லை.

"எட்டு. ஒம்பது."

பத்து மழைச் சத்தத்தில் கேட்கவில்லை. பாத்திரத்தில் தண்ணீர் சட்டென்று அடங்கியது. சாக்பீஸ் உலோகத்தில் இழுபடும் கிறீச்சென்ற ஒலி மட்டும் கேட்டது. பட்டறை முழுக்கத் தித்திப்பு வாடை.

வீட்டுக்குள் ஓடினான். அவள் மெழுகுவத்தி வெளிச்சத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே, "தம்பி, அந்த ஜன்னலைச் சாத்துங்க, சாரல் அடிக்குது" என்றாள்.

தான் சொன்னது அவளுக்குத் தெரியவில்லை. அவன் ஜன்னலைச் சாத்தினான்.

*

சனிக்கிழமை வாட்டர் பம்பில் ஆறாவது கோடு விழுந்தது.

"நாளைக்குக் காலைல நான் குவாரி வரைக்கும் ஓட்டிப் பாக்கறேன்" என்றாள். "குவாரிக்குத் தண்ணி டிரம் ஏத்தற வேலை பேசியாச்சு. திங்கள்லேருந்து தினம் போகணும்."

"கொதிக்கற வண்டியிலயா?"

"இன்னும் ஒரே இடம்தானே பாக்கி? கீழ் ஹோஸ். இன்னிக்குள்ள அதையும் பாத்துடுவாரு." டிரம் வாங்கப் பணப்பையை எடுத்துக்கொண்டாள். "நோட்டுல எழுதணும். ரெண்டு வருஷமா ஒண்ணுமே எழுதலை."

அவள் தெருமுனை திரும்பும் வரை அவன் நின்றான்.

அவளை அந்த வளைவுக்கு அனுப்ப முடியாது. அவளிடம் மாட்டிக்கொள்ளவும் முடியாது. இரண்டுக்கும் நடுவில் அவனுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. அலமாரிக்கு அடியில் ஒரு புது ஹோஸ் இருந்தது, உள்ளே கெட்டியான ஸ்பிரிங்கோடு. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஜீப்புக்கு அடியில் மல்லாந்து நுழைந்தான்.

டார்ச்சை அடித்தான்.

ஹோஸின் மேல் பெருக்கல் குறி.

இரண்டு சாய்ந்த கோடுகள், அழுத்திப் போட்டவை. சாக்பீஸ் தூள் இன்னும் உதிர்ந்துகொண்டிருந்தது. அவன் கண்ணில் விழுந்தது. தேய்த்துக்கொண்டே கிளிப்பைத் திருகினான். பச்சைத் தண்ணீர் முழங்கை வழியாக அக்குளுக்குள் ஓடியது. ஜீப் இரண்டு நாளாக அசையவில்லை. தண்ணீர் சுடச்சுட இருந்தது.

பல்லைக் கடித்துக்கொண்டு மாற்றினான். புது ஹோஸில் மண்ணும் கிரீஸும் பூசிப் பழசாக்கினான். பழைய ஹோஸைக் கத்தியால் நாலாக வெட்டிக் கழிவு எண்ணெய் டிரம்மில் போட்டான். சத்தமில்லாமல் மூழ்கியது.

அவள் வந்தபோது கை கழுவிக்கொண்டிருந்தான்.

"கண்டுபிடிச்சுட்டேன்."

"என்னது?"

"ரேடியேட்டர் மூடி. அமுக்கம் பிடிக்கலை. வேற போட்டுட்டேன்."

அவள் டிரம்களை இறக்கி வைத்தாள். நிதானமாக.

"மூடிக்குத்தானே மொதல்ல கோடு போட்டாரு?"

"செத்தவனுக்கு என்ன தெரியும்?"

அந்தச் சொல்லை அவன் அவள் முன்னால் சொன்னதே இல்லை. அவள் புடவையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்து ஜீப்புக்கு அடியில் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"ஹோஸ்ல இன்னும் ஒண்ணும் போடலையே" என்றாள்.

*

காலை ஆறரைக்குக் கிளம்பினார்கள். அவள் ஓட்டினாள். நானும் வருகிறேன் என்று அவன் பக்கத்தில் ஏறிக்கொண்டான். பின்னால் காலி டிரம்கள் இரண்டு. வேறு எதுவும் இல்லை. அதை அவன் ஏறுவதற்கு முன் இரண்டு முறை பார்த்தான்.

மலையில் பனி இறங்கியிருந்தது. அவள் நன்றாக ஓட்டினாள். கியரை மாற்றும்போது மணிக்கட்டை லேசாகத் திருப்பினாள். யார் பழக்கிய கை என்று அவனுக்குத் தெரியும். அவளோடு தனியாக இருக்கும்போதுகூட மூன்றாவது ஆள் இருக்கிறான் என்று நினைத்தான்.

முதல் வளைவு. ஊசி நடுவில் நின்றது.

இரண்டாவது வளைவு. எஞ்சின் உறுமியது. ஊசி அசையவில்லை.

"பாத்தீங்களா?" என்றாள். முகம் மலர்ந்திருந்தது. "அசையவே இல்லை."

அவன் மூச்சை விட்டான். முடிந்தது. ஹோஸ் போனது, பழுது போனது. இனி தேட ஒன்றுமில்லை. தேடுகிறவருக்கும் வேலை இல்லை.

மூன்றாவது வளைவில் அவன் முதுகில் ஒரு கை பதிந்தது.

சீட்டின் சாய்வுக்கும் சட்டைக்கும் நடுவில். விரிந்த உள்ளங்கை. விரல்கள் தனித்தனியாகத் தெரிந்தன. அழுத்தவில்லை. தள்ளவில்லை. வைத்திருந்தது, அவ்வளவுதான்.

இடது கை.

அவன் அசையவில்லை. அந்தக் கை என்ன செய்கிறது என்று அவனுக்குத் தெரியும். ஆறு வருஷம் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறான். உதடு அசையாமல் கூடவே எண்ணினான்.

ஒன்று. இரண்டு.

தித்திப்பு வாடை ஏறியது. அவள் கண்ணாடியைத் துடைத்தாள்.

மூன்று. நான்கு.

பத்து வரை. பத்து வரை இருந்தால் போதும். ஜன்மத்தில் அவன் எதையும் அவ்வளவு வேண்டியதில்லை. இருண்ணே, கையை எடுக்காதே. பத்து வரைக்கும் இரு.

ஐந்து.

ஆறு.

ஏழு.

கை விலகியது.

சூடான எதையோ தொட்டுவிட்டவர் உதறி இழுப்பதுபோல, வெடுக்கென்று.

பிறகு முதுகில் ஏதோ ஊர்ந்தது. வலது தோளிலிருந்து இடுப்பு வரை. சட்டைத் துணி சரசரத்தது. ஒரு கணம் ஒன்றுமில்லை. மறுபடி, இடது தோளிலிருந்து.

"என்னங்க, இப்படி வேர்க்குது உங்களுக்கு?"

"ஒண்ணுமில்லை. ஓட்டு."

நான்காவது வளைவில் அவள் ஜீப்பை நிறுத்தினாள். ஊசி நடுவில்தான் இருந்தது. எஞ்சினை அணைத்தாள். எதுவும் கொதிக்கவில்லை. பனிக்குள் ஒரு பறவைகூடக் கத்தவில்லை.

"இங்க எதுக்கு?"

"கால் மணி நேரம் விடுவோம். அப்புறம் கை வெச்சுப் பாப்போம். அவர் அப்படித்தானே செய்வாரு?" சந்தோஷமாகச் சொன்னாள். "நீங்க பானெட்டைத் தூக்குங்க."

அவன் இறங்கினான். சீட்டைப் பார்க்கவில்லை. முன்பக்கம் நடந்தான். பின்னால் அவள் கதவைத் திறந்து இறங்கும் ஓசை கேட்டது. செருப்புச் சத்தம் இரண்டு அடி வந்தது.

நின்றது.

அவன் பானெட்டின் கொக்கியைத் தேடினான்.

"திரும்பாதீங்க" என்றாள் அவள். மிக மெதுவாக.

அவன் திரும்பவில்லை. அவள் விரல் நுனி அவன் சட்டையைத் தொட்டது. தோளிலிருந்து தொடங்கி ஒரு கோட்டின் வழியே கீழே இறங்கியது. பிறகு இன்னொரு கோடு. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் விரல் நின்றது. ரேடியேட்டர் மூடியைத் தொட்டதுபோலத்தான் தொட்டாள்.

இந்த முறை அவள் சிரித்ததாகத் தோன்றவில்லை.

"பழுது எங்கேன்னு உறுதியா தெரிஞ்சாத்தான் அவர் இந்தக் குறி போடுவாரு" என்றாள். "சொல்லுங்க. உங்ககிட்ட அவர் என்னத்தைக் கண்டுபிடிச்சாரு?"